மலை ஏறினால் சூரியன் கிட்டத்தில் வருமா?

இந்த மாதம் புவியியல் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி 'ஏன்' என்றுதான் தொடங்குகின்றன. நல்லது. 'வரையறு', 'வேறுபடுத்துக' என்று கேட்கத் தேர்வுத்தாள் இருக்கிறது, நமக்கு எதற்கு? ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விகளில் பலவற்றில் விஷயம் தெரியாமல் குழப்பம் வரவில்லை. அது எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டுப் பார்க்காததால்தான் வந்திருக்கிறது. அதனால் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டீச்சர், மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி எவ்வளவோ உயரம். அப்படியென்றால் அது சூரியனுக்கு இன்னும் பக்கத்தில்தானே இருக்கிறது? பிறகு ஏன் குளிர்கிறது? வகுப்பில் கேட்டேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.
(எட்டாம் வகுப்பு மாணவன், மேட்டுப்பாளையம்)

சிரித்தவர்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம் நீ. உன் ஊர் ரயில் நிலையத்தில் மஞ்சள் பலகை ஒன்று இருக்கும், ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர், மலை ரயில் போய் நிற்கிற உதகமண்டலம் நிலையம் சுமார் 2,203 மீட்டர். வித்தியாசம் 1,877 மீட்டர், அதாவது இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சூரியன் இருப்பதோ ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. 15 கோடியில் இரண்டைக் கழித்தால் என்ன குறைந்துவிடும்? கோடீஸ்வரரிடம் போய் ஒரு பைசா திருடிய கதைதான்.

சரி, சூரியனுக்குக் கிட்டே போவதால் எதுவும் மாறவில்லை. ஆனால் குளிர்கிறதே, அது எதனால்? வெயில் காற்றைச் சுட வைப்பதில்லை, பெரும்பாலும் அதைத் தாண்டி வந்து தரையைத்தான் சுட வைக்கிறது, அந்தத் தரை சூடாகித் தன் மேலே இருக்கிற காற்றைச் சூடாக்குகிறது. காற்றுக்கு அடுப்பு கீழேதான். மேலே போகப் போக அடுப்பிலிருந்து விலகுகிறோம். ஆனால் ஊட்டியிலும் தரை இருக்கிறதே, அங்கேயும் வெயில் அடிக்கிறதே என்று நீ அடுத்து கேட்பாய், கேட்கவும் வேண்டும். அங்கே காற்று மெல்லியது, வெப்பத்தைப் பிடித்து வைக்கிற நீராவியும் குறைவு, போர்வை மெலிந்துபோன மாதிரி. அதோடு கீழேயிருந்து மேலே எழும்புகிற காற்று, மேலே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து விட்டு விரலை வைத்துப் பார், சில்லென்று இருக்கும். இந்த எல்லாமும் சேர்ந்து சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. உன் கணக்குக்கு 1,877 மீட்டர், அப்போது எத்தனை? 12 டிகிரி. மேட்டுப்பாளையத்தில் 34 என்றால் ஊட்டியில் 22. ஒவ்வொரு நாளும் கச்சிதமாக அப்படியே வராது, மேகம் மழை காற்று எல்லாம் கொஞ்சம் இழுக்கும், ஆனால் பெரிய அளவில் தவறாது.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஊட்டியில் மதிய வெயிலில் நின்றால் சுளீரென்று குத்தும், இரண்டு அடி தள்ளி நிழலுக்குப் போனால் ஸ்வெட்டரைத் தேட வேண்டும். மெல்லிய காற்று வெயிலை வடிகட்டுவதும் குறைவு, வெப்பத்தைச் சேர்த்து வைப்பதும் குறைவு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மார்கழி, தையில் தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் காலையில் உறைபனி படிந்திருப்பதும் இதே காரணத்தால்தான், இரவில் தரை தன் வெப்பத்தை விட்டுவிடுகிறது, கனமான குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால் மேட்டைவிடப் பள்ளத்தில் உறைபனி அதிகம். உயரம் கூடக்கூடக் குளிரும் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த இடத்தில் இடிக்கும்.

பூமி ஜனவரியில்தான் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சென்னையில் ஜனவரிதானே குளிர், மேதானே வெயில்? புத்தகம் தவறா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, சென்னை)

புத்தகம் சரி. ஜனவரி முதல் வாரத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி. 50 லட்சம் கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் பெரிதாகத் தெரிகிறது, மொத்தத்தோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. அது கொஞ்சம் பங்கு வகிக்கத்தான் செய்கிறது, ஆனால் பருவகாலத்தைத் தீர்மானிக்கிற அளவுக்கு இல்லை. தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுக்க ஜனவரியில் கோடையாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜனவரி கோடை, நமக்குக் குளிர்காலம். அந்த ஒரு தகவலே போதும், வழக்கு முடிந்துவிட்டது.

பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. சாய்ந்த வாக்கிலேயே சூரியனைச் சுற்றி வருவதால் ஆறு மாதம் வட பாதி சூரியனைப் பார்த்துச் சாய்கிறது, ஆறு மாதம் தென் பாதி. நம் பக்கம் சாயும்போது வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளும். இது எல்லோருக்கும் தெரிந்த பதில், முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் சென்னைக்காரி நீ, உனக்கு இன்னும் ஒரு சுவையான கேள்வி மிச்சம் இருக்கிறது. பாடப்படி ஜூன் 21 அன்றுதான் சூரியன் மிக வடக்கே போகிறது. அப்படியானால் நமக்கு உச்ச வெயில் ஜூன் கடைசியில்தானே வர வேண்டும், ஏன் கத்திரி வெயில் மேயிலேயே வந்துவிடுகிறது? ஜூன் 21 அன்று சூரியன் நேர் தலைக்கு மேலே இருப்பது கடக ரேகையில், அது குஜராத், மத்தியப் பிரதேசம் வழியாகப் போகிறது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. சூரியன் வடக்கே போகிற வழியில் ஏப்ரல் 24 வாக்கில் நம் தலைக்கு மேலே வந்துவிட்டுப் போகும், திரும்பி வரும்போது ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் 16 வாக்கில். அந்த நாளில் நடுப்பகலில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்துப் பார், நிழலே விழாது, பாட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஜூன் 21 நடுப்பகலில் சென்னையில் உன் நிழல் எந்தப் பக்கம் விழும் தெரியுமா? தெற்கே! சூரியன் உனக்கு வடக்கே போய்விட்டதே. நான் முப்பது வருடம் புவியியல் எடுத்தேன், இதை மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

நடுப்பகல் என்றால் கடிகாரத்தில் சரியாக 12 என்று நினைத்து ஏமாந்துவிடாதே. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு ஓடுகிறது, சென்னை அதற்கு மேற்கே இரண்டேகால் டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 9 நிமிடம். அந்தச் சமயத்தில் சூரியன் வேறு ஓரிரு நிமிடம் முந்தி ஓடும் என்பதால் 12.07 வாக்கில் வெளியே வந்தால் சரியாக இருக்கும். கோயம்புத்தூர்க்காரர்கள் (உங்களுக்கு இது ஏப்ரல் 18 வாக்கில்) 12.20 வரை காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 24 அன்று தலைக்கு மேலே வருகிறதென்றால் மேயில் ஏன் உச்சம் என்கிறாயா? மதியம் 12 மணியைவிட 2 மணிக்குத்தானே புழுங்குகிறது, அதே மாதிரிதான், தரை சூடேற நேரம் எடுக்கும். மே கடைசியில் மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று கடல்காற்றை உள்ளே விடாமல் தடுத்தால் இன்னும் மோசம், 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வரை போனது அப்படித்தான். ஆகஸ்டில் சூரியன் மறுபடி தலைக்கு மேலே வரும்போது மேகமும் ஈரமும் இருப்பதால் அவ்வளவு தெரிவதில்லை.

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு இரண்டும் எப்போதும் மாறிப்போகின்றன. சுலப வழி?
(ஆறாம் வகுப்பு, திண்டுக்கல்)

படுத்திருப்பது அட்சம், ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றையொன்று தொடாது. நின்றிருப்பது தீர்க்கம், ஆரஞ்சுச் சுளை மாதிரி மேலேயும் கீழேயும் போய்ச் சேர்ந்துவிடும். குளிர் வெயிலைச் சொல்வது அட்சம், மணி சொல்வது தீர்க்கம். உன் அண்ணன் புத்தகத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இருந்தால் அதுவும் இதுவும் ஒன்றே.

மூன்று வகைப் பாறைகளை என் மகனுக்கு எப்படிப் புரிய வைப்பது? தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறான். ஒரு கல்லைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறான்.
(ஒரு தாய், பல்லாவரம்)

காட்ட வேண்டிய கல் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது அம்மா. அலமாரித் தட்டுக்குப் போட்டிருக்கும் கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை, பழைய கடல் அடியில் படிந்து படிந்து உருவானது, படிவுப் பாறை. எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துவிட்டுத் துடைக்காமல் விட்டால் தடம் விழும், சுண்ணாம்பு என்பதற்கு அதுவே அடையாளம். அதே சுண்ணாம்புப் பாறை பூமிக்கு உள்ளே வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாட்டிக்கொண்டால் பளிங்கு ஆகிவிடும், உங்கள் பூஜை அறைத் தரை பளிங்காக இருந்தால் அது உருமாறிய பாறை. வத்தக்குழம்பு வைக்கிற கல்சட்டி மாக்கல், அதுவும் உருமாறியதுதான். அடுப்பு மேடையில் பளபளக்கிற கிரானைட், உருகிய குழம்பு ஆழத்தில் மெதுவாக ஆறியதால் உண்டான தீப்பாறை. கடையில் எல்லாவற்றையும் கிரானைட் என்றே விற்பார்கள், அது வேறு கதை.

பையன் இதைப் பிடித்துக்கொண்ட பிறகு, உங்கள் ஊர்க் கல்லைக் காட்டுங்கள், அவன் டீச்சரையே திணற அடிக்கலாம். கல்கத்தாவை நிறுவியவர் என்று முன்பெல்லாம் பாடத்தில் வந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேலே இருக்கிற கல்லை 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். அது வங்காளத்துக் கல்லே இல்லை, சென்னைப் பக்கம், பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கிற கருங்கல்! அந்த வகைப் பாறைக்கு அவர் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார், இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். கல் நம்முடையது, பெயர் மட்டும் கொல்கத்தாவில் படுத்திருக்கிற வெள்ளைக்காரருடையது.

இது எந்த வகை என்று கேட்டால்தான் சுவாரஸ்யம். ஹாலண்ட் தீப்பாறை என்று நினைத்தார். பிறகு வந்தவர்களில் பலர், ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை என்றார்கள். வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள், பூமியின் வயதில் பாதிக்கு மேல். அவ்வளவு காலம் அடிபட்டு மிதிபட்ட கல் நம் மூன்று டப்பாக்களில் ஒன்றுக்குள் சமர்த்தாக உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை. டப்பாக்களை நாம் வசதிக்குச் செய்துகொண்டோம், அவ்வளவுதான்.

கேரளாவில் ஜூனில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இங்கே ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மலை தடுக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் ஐப்பசியில் எப்படி வருகிறது?
(பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

ஒரே வரியில் முடிக்கக்கூடாத கேள்வி. கோடையில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாக. சூடான நிலத்தின் மேல் காற்று எழும்பி அழுத்தம் குறைய, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது, அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் 1 வாக்கில் கேரளாவைத் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது, ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். காற்று ஏற வேண்டும், ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும் (முதல் கேள்வியில் சைக்கிள் டியூபைப் பார்த்தோமே, அதேதான்), குளிர்ந்தால் நீராவி துளியாகும், கொட்டும். மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது, ஈரமும் தீர்ந்துவிட்டது. இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள்.

ஆனால் அந்த மலை இடைவெளியே இல்லாத மதில் சுவர் இல்லை. பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதன் வழியாகக் காற்று புகுந்து வருவதால்தான் ஆனி, ஆடியில் கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் குளுகுளு என்றிருக்கின்றன, உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. செங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன வாசல், அதனால் குற்றாலத்தில் சாரல். ஆரல்வாய்மொழியில் இன்னொன்று, அங்கே முப்பந்தலில் நின்றால் ஆளையே தள்ளும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொன்னவர் இந்த மாதிரி ஒரு வாசலுக்கு நேரே குடியிருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பெண்ணான உனக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. ஆடி பதினெட்டுக்கு உன் ஊரில் மழை இல்லை, வானம் வெளுத்துக் கிடக்கிறது, ஆனால் ஆற்றில் மட்டும் புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும். எங்கிருந்து? குடகு மலையிலும் வயநாட்டுப் பக்கமும் பெய்த தென்மேற்குப் பருவமழை அது. நமக்கு எட்டாத மழையை ஆறு போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறது. இப்போது நடுவில் அணைகள் இருப்பதால் திறந்தால்தான் வரும் என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஐப்பசி. குளிர்காலம் நெருங்கும்போது எல்லாம் தலைகீழ், ஆசியாவின் பெரிய நிலப்பரப்பு சீக்கிரம் ஆறிவிடுகிறது, கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்புகிறது. நிலத்திலிருந்து வருகிற காற்று வறண்டதுதான், வட இந்தியாவுக்கு அதனால் மழை இல்லை. ஆனால் அது வங்காள விரிகுடாவைக் கடந்து வடகிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும்போது வழியில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. இதோடு விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் சேர்ந்துகொள்கின்றன, கனமழை நாட்களில் பெரும் பங்கு அவற்றுடையது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது, சென்னைக்கு இன்னும் அதிகம், மொத்தம் சுமார் 1,400 மில்லிமீட்டரில் 60 சதவீதம் போல. அதுவும் சீராக வராது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு 24 மணி நேரத்தில்! சராசரி என்ற சொல்லை நம் ஊர் மழைக்குப் பயன்படுத்தும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆற்றுத் தண்ணீர்தானே கடலில் போய்ச் சேர்கிறது. ஆறு இனிக்கிறது, கடல் ஏன் கரிக்கிறது?
(ஏழாம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி)

உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு கேட்கிறாய், பதில் உன் வீட்டுப் பக்கத்துப் பாத்தியிலேயே இருக்கிறது. பாத்தியில் நீரைக் கட்டி வைத்தால் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், உப்பை விட்டுவிடும். கடல் என்பது வாரப்படாத பெரிய பாத்தி. ஆற்று நீரில் உப்பு இல்லாமல் இல்லை, நாக்குக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் இருக்கிறது, பாறைகளைக் கரைத்து எடுத்து வருகிறது. தண்ணீர் ஆவியாகி, மழையாகி, மறுபடி ஆறாகிவரும், உப்புக்கு அப்படித் திரும்ப வழியில்லை. குளோரின் பங்கு பெரிதும் பழைய காலத்து எரிமலை வாயுக்களிலிருந்து வந்தது.

கணக்கு வேண்டுமா? ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள், அதில் சாப்பாட்டு உப்பு மட்டும் 27 கிராம் போல. ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். உங்கள் ஊரில் கடல்நீரைவிடக் கெட்டியான நிலத்தடி உப்புநீரையும் இறைத்துப் பாத்தியில் விடுகிறார்களே, ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

1899இல் அயர்லாந்துக்காரர் ஜான் ஜோலி ஒரு கெட்டிக்காரக் கணக்குப் போட்டார். கடலில் மொத்தம் எவ்வளவு சோடியம், ஆறுகள் வருடத்துக்கு எவ்வளவு கொண்டுவருகின்றன, வகுத்தால் கடலின் வயது வந்துவிடுமே! விடை 8, 9 கோடி ஆண்டுகள். கணக்கில் பிழையில்லை, ஆனால் விடை தப்பு, கடலுக்கு வயது நூற்றுக்கணக்கான கோடி. எங்கே சறுக்கினார்? உப்பு கடலுக்குள் வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போவதே இல்லை என்று வைத்துக்கொண்டார். உண்மையில் கடல் அடியில் படிந்தும், பாறைகளோடு சேர்ந்தும் வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நேரமாக நிரம்புகிறது என்று கணக்குப் போடும்போது கீழே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இமயமலை இன்னும் வளர்கிறது என்கிறார்களே, நிஜமா? மலை எப்படி வளரும்?
(எட்டாம் வகுப்பு, அரியலூர்)

நிஜம். இந்தியா உட்கார்ந்திருக்கும் புவித்தட்டு வடக்கே வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் போல நகர்கிறது, உன் நகம் வளர்கிற வேகத்தைவிடச் சற்றே அதிகம். இது என்ன பெரிய வேகம் என்று தோன்றும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு முட்ட ஆரம்பித்தது, இந்த வேகத்திலேயே வைத்துக்கொண்டு பெருக்கிப் பார், 2,500 கிலோமீட்டர் வரும்! அவ்வளவு தூரம் தள்ளினால் நடுவில் மாட்டியது மடிந்து எழும்பாமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் பாயைத் தள்ளிப் பார். இப்போதும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் எழும்புகிறது, இன்னொரு பக்கம் பனியாறும் மழையும் அதை ராவிக்கொண்டே இருக்கின்றன. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கம் இந்தத் தள்ளலின் விளைவுதான்.

நடுவில் மாட்டியது ஒரு பழைய கடலின் அடித்தரை. 8,848.86 மீட்டர் எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை. வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருந்தால் அதில் தெரிகிற சக்கரத்தைப் பார். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல், கடலில் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட் என்ற உயிரின் புதைபடிவம். அரியலூர்ப் பையனுக்கு இதைச் சொல்ல இமயமலை வரை போக வேண்டியதே இல்லை, உங்கள் மாவட்டத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் அம்மோனைட் கிடைக்கிறது, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் ஊர் வரை கடல் இருந்தது. சிமெண்ட் ஆலைகள் உங்கள் ஊரைத் தேடி வந்ததும் அந்தக் கடலால்தான்.

பாறைச் சிதைவும் அரிப்பும் ஒன்றா?
(ஒன்பதாம் வகுப்பு, செங்கல்பட்டு)

இருந்த இடத்திலேயே உடைவது, நைந்துபோவது சிதைவு. உடைந்ததை ஆறோ காற்றோ அலையோ எடுத்துக்கொண்டு போவது அரிப்பு. உங்கள் மாவட்டத்து மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கிறதே வெண்ணெய் உருண்டைப் பாறை, சுமார் 250 டன், அதை யாரும் செதுக்கி உருட்டவில்லை. கற்கண்டை வாயில் போட்டால் முதலில் மழுங்குவது எது? முனைதான். முனையை மூன்று பக்கத்திலிருந்தும் எச்சில் தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கம், தட்டையான முகத்தை ஒரே பக்கம். கட்டம் கட்டமாக வெடித்த பாறையையும் நீர் அப்படித்தான் சாப்பிட்டு உருண்டையாக்குகிறது. செஞ்சி மலை முழுக்கக் கொட்டிக் கிடக்கும் உருண்டைகளும் இதே மாதிரிதான்.

பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறதாம். நமக்கு ஏன் தலை சுற்றவில்லை? (டீச்சர், இது கிண்டல் இல்லை.)
(ஏழாம் வகுப்பு மாணவி, சேலம்)

கிண்டலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த 1,670 நிலநடுக்கோட்டில், நம் பக்கம் 1,630 போல. ஓடுகிற ரயிலில் கண்ணை மூடிக்கொண்டால் வேகம் தெரியாது, பிரேக் போட்டால்தான் தெரியும், உடம்பு உணர்வது மாற்றத்தை மட்டுமே. அது ஒன்று. இன்னொன்று, தலை சுற்றுவது கிலோமீட்டர் கணக்கால் இல்லை, எத்தனை சுற்று என்பதால். ராட்டினம் ஒரு நிமிடத்தில் பல சுற்று சுற்றிவிடும். பூமிக்கு ஒரு சுற்றுக்கு ஒரு நாள். உன் வீட்டுக் கடிகாரத்தின் சின்ன முள் ஒரு நாளில் இரண்டு சுற்று வருகிறது, ஆக பூமி அந்த முள்ளைவிடப் பாதி வேகத்தில் திரும்புகிறது. சின்ன முள் நகர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா?

ஒரு திருத்தம்: சென்ற இதழில் ஏற்காட்டைக் கொண்டுபோய் மேற்குத் தொடர்ச்சி மலையில் வைத்துவிட்டேன். சேலத்திலிருந்து மூன்று பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், ஒருவர் படம் வரைந்தே அனுப்பிவிட்டார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. இரண்டு தொடர்களும் சந்திப்பது நீலகிரியில். படம் வரைந்த தம்பிக்கு, மேட்டூரை மட்டும் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளி வை.